காலி எடை

எடைமேடைச் சீட்டின் பின்பக்கத்தில்தான்
எங்கள் விடுமுறை தொடங்கியது.
முன்பக்கம் தோத்தாபுரி, லோடு எடை, காலி எடை, நிகரம்.
பின்பக்கம் கன்னியாகுமரி, நான்கு நாள், மூன்று பேர்,
மாதேசன் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.

ஜூலைக் கடைசி. கூழ் ஆலை வாசலிலிருந்து
பாலம் வரைக்கும் டிராக்டர் வரிசை.
கிருஷ்ணகிரியில் சீசன் என்றால் லீவு என்கிற சொல்லே கிடையாது,
காய்ச்சல்கூட மாம்பழ வாசனையோடுதான் வரும்.
அதனால் செப்டம்பர். காலாண்டுத் தேர்வு முடிகிற வெள்ளி.
அறுபது நாள் முன்னால் காலை எட்டுக்கு டிக்கெட் திறக்கும்,
தவறவிட்டால் கதவோரம்தான் என்றாள் பக்கத்து மேசை நஸ்ரீன்.
எட்டாக ஒரு நிமிடம் இருக்கையில்
மேடை ஏறியது ஒரு டிப்பர்.
“கொஞ்சம் நில்லுண்ணா” என்றேன்.
பதினோரு டன் மாங்காய் நின்றது
மூன்று பெர்த்துக்காக.

இரவு சோறு போடும்போது சொன்னேன்.
மாதேசன் பன்னிரண்டு வருடமாகக் கல் ஏற்றுகிறவன்.
“கடலா? பாத்திருக்கேனே.
துறைமுகத்துல, ரெண்டு கன்டெய்னருக்கு நடுவுல,
இத்துணூண்டு.”
குற்றாலம்?
“ராத்திரி தாண்டுனேன். சத்தம் கேட்டுது.”
ஊட்டி?
“மேட்டுப்பாளையத்துலயே டயர் வெடிச்சிருச்சு.”
உனக்கு என்னதான் வேணும் லீவுன்னா?
மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தான்.
தட்டு காலியான பிறகு சொன்னான்:
“வேற யாராச்சும் ஓட்டணும்.”

கேள்விக்குறியை அடித்துவிட்டு
ஜன்னலோரம் என்று எழுதினேன்.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை,
ஜோலார்பேட்டை போய் ஏற வேண்டும்.
ஒத்திகையாக இருக்கட்டும் என்று
ராயக்கோட்டைக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.
வழியெல்லாம் அவன் வலது கால்
தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தது.
வளைவுகளில் டிரைவருக்குக் கேட்காமல் அவரைத் திட்டினான்.
இன்னும் பழக வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்,
சீட்டுப் பணம் எடுப்பதற்குக் கீழே,
யோகிதாவின் தலைவலி மாத்திரைக்கு மேலே.

அறை பேசியாயிற்று.
சூரியன் தெரியுமா என்றால்
மொட்டைமாடி ஏறினால் தெரியும் என்கிறார்கள்.
மூன்றாம் நாளை மட்டும் எதுவும் எழுதாமல் விட்டேன்.
அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.
காலையில் பார்த்தால் யோகிதா கையெழுத்தில் படகு,
அடுத்த நாள் என் கையெழுத்திலேயே சுசீந்திரம்.
ரப்பர் தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் தாள் மெலிந்துபோனது.

கிளம்புவதற்கு முந்தின இரவு அவன் பை கட்டினான்.
டார்ச், தார்ப்பாய், ஒரு ஸ்பானர்.
ரயிலுக்கு ஸ்பானரா?
“இருக்கட்டும்.”
ஜிப் சரியில்லாத பெரிய பையை
கல் கட்டுகிற கயிற்றால், கல் கட்டுகிற முடிச்சால் கட்டினான்.
நாலு பேர் இழுத்தாலும் அவிழாது.
காலையில்தான் ஞாபகம் வந்தது,
பல் துலக்கும் பிரஷ்கள் அதற்குள்ளே.

வெள்ளி மாலை, எனக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம்,
இருவரும் பைகளோடு ஆலைக்கே வந்துவிட்டார்கள்.
வரிசை இல்லை. மாங்காய் இல்லை.
கழுவிவிட்ட தரையில் புளித்த மணம் மட்டும்.
யோகிதா ஓடிப்போய் மேடையில் ஏறினாள்,
வாப்பா, வாம்மா என்றாள்.
ஏறினோம். நஸ்ரீன் உள்ளிருந்து பொத்தானை அழுத்தினாள்.
மூன்று பேர், மூன்று பை: இருநூற்றுப் பத்து கிலோ.

மேடையில் நின்றபடியே மாதேசன்
சட்டைப்பைக்குள் கைவிட்டு லாரிச் சாவியை எடுத்து
காவலாளி முனிவெங்கடப்பாவிடம் நீட்டினான்,
மாத்து டிரைவர் வந்து வாங்கிக்குவான் என்று.
கை கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தது.

நான் எண்ணைப் பார்த்தேன்.
மாறவில்லை.
எங்கள் மேடை
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது.