கூட்டினால் இருநூறு

பாம்பனில் ஏழு மணிப் பேருந்து.
பையில் மூன்று கறுப்புப் பேனா, நுழைவுச் சீட்டு,
அடையாள அட்டை.
ராத்திரி ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்,
விடிகாலை ஒருமுறை,
தங்கச்சிமடம் தாண்டியதும் இன்னொரு முறை.
பக்கத்துச் சீட்டு மீன்கூடைக்காரி சிரித்தாள்:
"என்ன புள்ள, நகையா வச்சிருக்க?"

போன தடவை நடந்தது அவளுக்குத் தெரியாது.
அறுபத்தேழாம் கேள்வியை
அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.
அதன் வட்டத்தை விட மறந்தேன்.
அறுபத்தெட்டின் விடை அதில் ஏறி உட்கார,
பின்னால் வந்ததெல்லாம்
நூற்று முப்பத்து மூன்று விடைகளும்
ஒரு வீடு தள்ளிக் குடியேறிவிட்டன.
கடைசி வட்டம் காலியாக நின்று
என்னைப் பார்த்தபோது
மணி அடித்தது.

வீட்டில் எல்லாரும் திட்டினார்கள்,
அண்ணன் நீக்குலாஸ் தவிர.
அவன் ஜிபிஎஸ்ஸில்
எட்டுக்கு மூன்றை அழுத்தியவன்.
தூக்கக் கலக்கம், ஒரே ஒரு இலக்கம்.
விடியும்போது படகு எல்லைக்கு அந்தப் பக்கம்.
யாழ்ப்பாணச் சிறையில் ஏழு மாதம்.
அவன் வந்துவிட்டான், படகு வரவில்லை.
சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்:
"அந்த மைய அழிக்க முடியாதாமா?"
"முடியாது."
"ம்."

ராமேஸ்வரத்துப் பள்ளிக்கூடம்.
கொக்கி போன ஜன்னலில் கச்சான் காற்று.
இடது பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினால்
ரேகை விழவில்லை.
பாசி பறிக்கிற விரல்; பாறை தின்றது போக மிச்சம்.
"நல்லா அழுத்தும்மா" என்றார் கண்காணிப்பாளர்.
மூன்றாம் முறை ஏதோ ஒரு கறை விழுந்தது.
போதும் என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

விடைத்தாளுக்கு அடியில் ஒற்றை மணல்.
பேனா அதன்மேல் ஏறி இறங்கித்
தாளைக் கிழிக்கப் பார்த்தது.
தாளைத் தூக்கி, ஊதி,
உள்ளங்கையால் மேசையைத் துடைத்தேன்.
அரை நிமிடம் போனது. போகட்டும்.

கேள்வி, எண், வட்டம்.
கேள்வி, எண், வட்டம்.
தண்ணீருக்குள்ளும் இப்படித்தான்:
மூச்சு முட்டும்போது
கண்ணெதிரே பாசி அடர்ந்து கிடக்கும்,
இன்னும் ஒரு பிடி என்று கை நீளும்.
மேலே வந்துவிட வேண்டும்.

தெரியாத கேள்விகளிடம் எனக்குப் பயம் இருந்தது,
அதனால் அவற்றை இரண்டிரண்டு முறை வாசித்தேன்.
நூற்று நாற்பத்தொன்று கடல்பாசி பற்றியது.
சிரிப்பே வந்துவிட்டது.
பன்னிரண்டு வயதிலிருந்து நான் பறிக்கும் பாசி,
தாளில் வேறு பேர் வைத்திருந்தார்கள்.
யாரிடம் காட்டுகிறீர்கள் என்று
சட்டெனக் கறுத்தேன்.
மை காய்ந்த பிறகுதான்
கேள்வியின் வால் கண்ணில் பட்டது:
'அகார் எடுக்கப் பயன்படாதது எது?'

காது அடைத்தது.
அந்த ஒரு மார்க்குக்காக அழ ஆரம்பித்தால்
அடுத்த பத்தும் போகும்.
பேனாவைக் கீழே வைத்தேன்.
ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். பதினொன்று.
திரும்பவும் எண்ணினேன். பதினொன்றுதான்.
எடுத்துப் பார்த்தபோது
நூற்று நாற்பத்திரண்டு
நூற்று நாற்பத்திரண்டாகவே இருந்தது.

கடைசிக் கால் மணி நேரம், எண்ணிக்கை.
ஏ நாற்பத்து மூன்று, பி ஐம்பத்தொன்று,
சி நாற்பத்தெட்டு, டி நாற்பத்தாறு,
விடை தெரியாத இ பதினொன்று.
கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
முன்வரிசைப் பையன் தாளை மடக்காமல் நீட்டியாயிற்று.
நான் மேலிருந்து விரல் வைத்து இறங்கினேன்,
கட்டம் கட்டமாக,
வலையில் ஓட்டை தேடுகிற மாதிரி.
எண்பத்தேழில் இருந்தது வெள்ளை.
ஏதோ ஒரு வட்டி விகிதம்; இப்போதும் தெரியவில்லை.
தெரியவில்லை என்பதையும்
அதற்குரிய வட்டத்தில்தான் சொல்ல வேண்டும்.
இ பன்னிரண்டு.

பாம்பன் நிறுத்தத்தில்
யாரிடமோ இரவல் வாங்கிய பைக்கில்
நீக்குலாஸ் நின்றான்.
"எண்ணினியா?"
"எண்ணினேன்."
"வந்துச்சா?"
"இருநூறு."
வேறெதுவும் கேட்காமல் வண்டியை உதைத்தான்.

பாசிக் கேள்வியை அவனிடம் சொல்லவில்லை.
நாளைக்குத் தண்ணீருக்குள்
அதனிடமே சொல்லிக்கொள்கிறேன்.