பத்து வருஷம் இடிக்கிறது

பன்சோடான் தெருவில் என் மேஜைக்கு மூன்று கால்.
நாலாவதற்குப் பழைய சட்டப் புத்தகங்கள்.
இருபத்தாறு வருஷமாக வாக்குமூலம் அடிக்கிறேன்:
இன்னார் இன்ன இடத்தில் பிறந்தார்,
நான் அறிவேன், இது சத்தியம்.
கீழே பெருவிரல்.

பொய்யை வாசனையிலேயே தெரியும் எனக்கு.
பொய் குளித்துத் தலைவாரிக்கொண்டு வரும்.
இரண்டு சாட்சியும் ஒரே தேதி, ஒரே கிழமை, ஒரே மணி,
மூச்சு விடுகிற இடம்கூட ஒன்றாக இருக்கும்.
அடித்துக் கொடுப்பேன். காசு காசுதான்.

இந்த டிசம்பரில் ஞானப்பூ வந்தாள்,
தாம்வே சந்தையில் இடியாப்பம் விற்கிறவள்.
நாற்பத்தொன்பது வயசு. புது அட்டை வேண்டும்.
பிறந்ததற்கு ஒரு துண்டுத் தாள் இல்லை.
ரங்கூனில் முதல் குண்டு விழுந்தபோது
பெகு சாலையில் ஓடின கூட்டத்தில் அவள் அம்மா, நிறைமாசம்.
லேகு தாண்டி ஒரு மாட்டுக் கொட்டிலில் பிரசவமாம்.

குண்டு விழுந்த மறுநாள் ராத்திரி, என்றாள் அவள் சின்னம்மா.
இல்லை, பத்து நாள் கழித்து, விடியற்காலை,
என்றார் ஊ போ தின், அப்போது எருமை மேய்த்த பையன்.
தகப்பன் பேர் அவளுக்கு அந்தோணி,
அவருக்கு முத்து என்று ஞாபகம்.
பிறகு, கேட்காமலே, ஒன்று சொன்னார்:
தொட்டியில் பிள்ளை கிடந்ததால்
அன்றைக்கு வைக்கோலைத் தரையில் போட்டேன்,
கன்று மிதித்து வீணாக்கிற்று,
அதற்கு அப்பன் கையால் அடி வாங்கினேன்.

என் விரல் மெஷினில் நின்றுவிட்டது.
இதை யார் இட்டுக்கட்டுவான்? எதற்கு?

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான் நான்.
ஆனால் பெத்லகேம் வாக்குமூலங்களைத்
தொழில்காரனாக வாசித்தது அன்று ராத்திரிதான்.
சாட்சி ஒன்று மத்தேயு. சாட்சி இரண்டு லூக்கா.
யோசேப்பின் அப்பன் யாக்கோபு என்கிறார் முன்னவர்,
ஏலி என்கிறார் பின்னவர்.
ஒருவருக்கு நட்சத்திரம் தெரிகிறது, மந்தை தெரியவில்லை.
மற்றவருக்கு மந்தை; கீழ்த்திசை ஆட்கள்
வந்துபோனதே தெரியாது.
பேசிவைத்துக்கொண்டவர்கள் இப்படி எழுத மாட்டார்கள்.
ஆனாலும் ஊர் ஒன்று. தாயின் பேர் ஒன்று. ஏரோதின் காலம் ஒன்று.
அப்புறம் அந்த மேய்ப்பர்கள்.
கூலிக்குச் சாட்சி பிடிக்கிறவன்
(நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன்)
சலவைச் சட்டை போட்டவனைத்தான் பிடிப்பான்,
ஆட்டுப் புழுக்கை நாறுகிறவனை அல்ல.

குடிமதிப்பில்தான் இடிக்கிறது.
ஏரோது செத்துப் பத்து வருஷம் போலக் கழித்துத்தான்
சிரேனியு அந்தக் கணக்கு எடுத்தான் என்று
தெய்வசகாயம் வாத்தியார் டீக்கடைப் பலகையில் எழுதியே காட்டினார்.
சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.
அந்தப் பத்து வருஷத்தின் மேல்
வெள்ளை மை பூச மாட்டேன்.
ஞானப்பூவுக்கும்தான் பத்து நாள் இடிக்கிறது,
அதற்காகப் பிறக்காமலா இடியாப்பம் விற்கிறாள்?

ஒரு பிள்ளை பிறந்தது,
தொட்டியில் கிடத்தினார்கள்,
அதுவரைக்கும் என் தொழில் சொல்லும்.
வானத்தில் பாட்டுக் கேட்டதற்குப் பெருவிரல் வைக்க
வேறொன்று வேண்டும்.
அது என்னிடம் இருக்கிறது,
ஆனால் அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

அலுவலகத்தில் தாளைத் திருப்பி எறிந்தார்கள்:
தேதி ஒத்துப்போகவில்லை, சரிசெய்து கொண்டு வா.
மழை இல்லாத பகல், கார்பன் தாள் கையில் ஒட்டுகிறது.
ஞானப்பூ கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றாள்.
ஊ போ தின் வெகுநேரம் யோசித்து
தேதியை மாற்றச் சம்மதித்தார்,
தகப்பன் பேரையும்.

வைக்கோலை மட்டும் எடுத்துவிடாதே, என்றார்.