ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

‘நேர்மை’ என்று எழுதிய மஞ்சள் சீட்டு
மூன்றாம் முறையாகச் சுவரிலிருந்து விழுந்தது.
செம்பூர். ஜூலை.
‘மழைக்காலத்தில் பசை நிக்காது மேடம்’ என்ற கெய்க்வாட்
விழுந்த நேர்மையை எடுத்து
டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் குழு, ஒன்பது பேர்.
அவர்களின் விழுமியங்களை
மாலை ஐந்துக்குள் கண்டுபிடித்துத் தர
என்னை அமர்த்தியிருந்தார்கள்.
ஒரு நாளுக்கு என் கட்டணம்
இவர்களில் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளம்.
அதை நான் சொல்லவில்லை.
‘வெளிப்படைத்தன்மை’ அப்போது
என் கையில்தான் இருந்தது, ஒட்டாமல்.

உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டேன்,
என் மாட்டுங்கா இந்தியில்.
கிரீஸ், என்றான் திலாவர்.
ஞாயிற்றுக்கிழமை, என்றார் டிமெல்லோ.
எசக்கிமுத்து மட்டும் தாழ்ந்த குரலில், தமிழில்:
‘என்ன எழுதணும்னு சொல்லுங்கக்கா, எழுதிருதோம்.’

பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி.
காட்கோபர், பி விங்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இரண்டு பேர்.
நாற்காலிச் சத்தம் அடங்குமுன்
நான்கு பேர் படியில் இருந்தார்கள்.
மிச்சமிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
நானும் வேனில் ஏறினேன்.

எட்டு மாடி. என் மூச்சு ஐந்தாவதிலேயே நின்றுவிட்டது.
சொசைட்டி செயலாளர் கத்திக்கொண்டிருந்தார்.
கெய்க்வாட் அவரிடம் பேசவில்லை,
பையைத் திறக்கவில்லை.
தரையில் குப்புறப் படுத்து
கதவின் இடுக்கில் வாயை வைத்து
‘பேர் என்ன?’ என்றார்.

‘ஹேதல்.’
பிறகு இன்னொரு குரல், இளசு:
‘சுக்தேவ்... பார்சல் கொண்டுவந்தேன்.’

‘ஹேதல், சுக்தேவ், நான் கெய்க்வாட்.
இப்ப மேலே ஒரு சத்தம் வரும்.
அது நாங்கதான்.’
வந்தது.
‘இப்ப ஒரு குலுக்கல். அதுவும் நாங்கதான்.’

அதற்கு முன்பே மெஷின் அறையில் திலாவர் கத்தியிருந்தான்: மெயின் ஆஃப்!
நடுப்படியில் எசக்கிமுத்து திருப்பிச் சொன்னான்: மெயின் ஆஃப்.
கீழே டிமெல்லோ: மெயின் ஆஃப்.
பிடுங்கிய ஃபியூசைத் திலாவர்
சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டியிருந்தான்.
ஏன் என்று கேட்டதற்கு
டிமெல்லோ இடது கையை விரித்துக் காட்டினார்.
மூன்று விரல்.

கதவு திறந்ததும் ஹேதல் ஒன்றும் சொல்லாமல்
வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.
சுக்தேவ் மணி கேட்டான்.

திரும்பி வந்து நான் சீட்டு எதையும் தொடவில்லை.
‘ஏன் முதலில் பேரைக் கேட்டீங்க?’
‘எல்லாரும் அப்படித்தானே’ என்றார் கெய்க்வாட்.
‘எங்கே! போன மாசம் நீங்களே கேட்கலை’ என்றான் திலாவர்.

அங்கே பிடித்துக்கொண்டது.
அஞ்சு நிமிஷம் என்று சொல்லலாமா கூடாதா,
முக்கால் மணி நேரம்.
குர்லாவில் ஒரு தடவை சொன்னேன், நாற்பது ஆச்சு,
அப்புறம் நான் சொன்ன எதையும்
அந்தப் பொண்ணு நம்பலை, என்றான் எசக்கிமுத்து.
சொல்லாவிட்டால் அழுகிறார்களே, என்றது ஒரு குரல்.
அழட்டும், என்றார் டிமெல்லோ.
மேசையில் ஒரு தட்டு. மராத்தியில் ஒரு வசவு.

தொலைபேசி எடுக்கும் நஸ்ரீன்,
காலையிலிருந்து வாய் திறக்காதவள், சொன்னாள்:
‘முதல் பொய்யை நான்தானே சொல்றேன்?
கிளம்பிட்டாங்க, வழியில இருக்காங்கன்னு.
நீங்க டீ குடிச்சுட்டிருப்பீங்க.’

மின்விசிறி மட்டும் சுற்றியது.
கெய்க்வாட் டீ கிளாசை மெல்ல நகர்த்தினார்.
சீட்டில் வட்டக் கறை.
‘ர்மை’ மட்டும் தெரிந்தது.

ஐந்து மணிக்கு என் நோட்டில் மூன்று வரி:
பேரைக் கேள்.
தெரியாத நேரத்தைச் சொல்லாதே.
ஃபியூஸ் உன் பையில்.
நான்காவதுக்கு இடம் விட்டிருக்கிறேன்.
அது நஸ்ரீனுடையது, இன்னும் வழக்கில் இருக்கிறது.

ஆபீஸ் லிஃப்டில் இறங்கும்போது எசக்கிமுத்து கேட்டான்:
‘இதுக்கு எவ்வளவுக்கா வாங்குவீங்க?’
சொன்னேன்.
மூன்றிலிருந்து இரண்டுவரை யாரும் பேசவில்லை.
லிஃப்ட் ஒருமுறை குலுங்கியது.

‘இது நாங்க இல்ல’ என்றான் திலாவர்.