இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, நாலு மாடி.
ஏற நாற்பத்திரண்டு நொடி.
இறங்க இரண்டு நொடி குறைவு.
ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவன் நான்.

இந்த வேலைக்கு வயிறு அடக்கமாயிருக்க வேண்டும்.
சேரும்போது யாரும் சொல்லவில்லை.

முந்தின ராத்திரி காய்ந்த மொச்சையும் நெத்திலிக் கருவாடும்.
ஊறவைக்காமலே குக்கரில் ஏழு விசில்.
காலையில் நின்றபடி மூன்று பூரி;
முழுங்கியது ஞாபகம், மென்றது ஞாபகமில்லை.
பத்து மணிக்கெல்லாம் சட்டைப் பொத்தான் இழுத்தது.
'கேஸுக்கு இதாண்ணே' என்று
கீழவாசல் கடைக்காரன் கோலி சோடா உடைத்தான்.
காற்றுக்குக் காற்றே மருந்து என்று
ஒரே மடக்கில் குடித்தேன்.

தீபாவளிக்கு மூன்று நாள்.
பதினோரு பேர். பைகளை எண்ணவில்லை.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ரெண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.

ஃபேன் நின்றதும்தான் கேட்டது:
வருஷத்துக்கு ஒருதரம் வைகையில் தண்ணீர் திறப்பார்களே
அந்தச் சத்தம், என் பெல்ட்டுக்குக் கீழே.

அடக்கினேன்.
குலசாமியைக் கூப்பிட்டு அடக்கினேன்.
அடக்கினது எங்கே போகும்?
சத்தமில்லாமல் போனது.
சத்தமில்லாததுதான் பொல்லாதது.

முந்தானைகள் மூக்குக்கு ஏறும் சரசரப்பு.
'அம்மா, யாரோ...' என்ற பிள்ளையின் வாயை
ஒரு கை பொத்தியது.
இருட்டில் பதினோரு பேரும்
ஒருவரையொருவர் சந்தேகப்படுவது
எனக்குத் தோலில் பட்டது.

'நான்தாங்க' என்றேன்.

ஒன்பது வருஷத்தில் 'எத்தனாவது மாடி' தவிர
அந்தப் பெட்டிக்குள் நான் பேசிய முதல் வார்த்தை.

முதலில் ஒரு பெண் சிரித்தாள், பிறகு எல்லோரும்.
'நேத்து என்ன சாப்பிட்டீங்க?' வளையல் கேட்டது.
சொன்னேன்.
'மொச்சைய ராத்திரி பூராம் ஊறப்போட்டு
அந்தத் தண்ணியக் கொட்டணும்ல!'
'பெருங்காயம் போட்டா போதும்.'
'போதாது. சீரகம், ஓமம்.'
'ஓமம் சூடு. சோம்ப வாயில போட்டு மெல்லச் சொல்லுங்க.'
'இஞ்சி நசுக்கி மோர்ல...'
'மோரா? பால் பட்டாலே எனக்கு வயித்துல தறி ஓடும்.'
மூலையிலிருந்து ஓர் ஆண்குரல்:
'சூயிங்கம்ம விட்டேன். பாதி போச்சு.'
மருந்துக்கடை நெடியடித்த ஒருத்தி,
பெரியாஸ்பத்திரி நர்ஸாம்:
'எடை இறங்கினாலோ ரத்தம் கண்டாலோ
ஓமத்த நம்பி உக்காந்திராதீங்க. ஓ.பி.க்கு வாங்க.'

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு முகூர்த்தப்பட்டு எடுக்க வந்த பெண்,
என் தோளுக்குப் பக்கத்தில், மெதுவாக:
'எனக்கும்தான்.
மணவறையில என்ன பண்ணுவேன்னு
தூக்கமே வரல.'

பத்து வாய் ஒரே நேரத்தில்.
முந்தின நாள் முட்டைக்கோஸ் வேண்டாம்.
கொண்டைக்கடலை வேண்டாம்.
பட்டினியும் கிடக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு.
'யாரு சோடா குடுத்தாலும் வாங்காதம்மா'
இது நான்.

'முத்திருளாண்டி! உள்ள எத்தன பேரு?'
மேலேயிருந்து சூப்பர்வைசர்.
'எங்காளுக பன்னெண்டு பேருங்க' என்றேன்,
ஏன் அப்படிச் சொன்னேனோ.

வெளிச்சம் வந்தது.
கதவு திறந்ததும் எல்லோரும் வேற்றாள் ஆனார்கள்.
கைக்குட்டையை மடித்தார்கள், விலை பேசப் போனார்கள்.
அந்தப் பெண் மட்டும் திரும்பி
எனக்கு விரலை ஆட்டினாள்: 'அண்ணே, நீங்களும்!'

இப்போது கட்டிலுக்கடியில் குண்டானில் மொச்சை ஊறுகிறது.
விடிந்ததும் அந்தத் தண்ணீர் முருங்கைக்கு.
ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டுமாம்;
பதினெட்டில் எண்ணிக்கை தப்பிவிடுகிறது.
சோடாக்காரன் இன்னும் கோபமாக இருக்கிறான்.

மத்தியானம் சாப்பிட்டதும் ஸ்டூலில் உட்காருவதில்லை.
லிஃப்ட்காரன் படியேறுகிறானென்று சேல்ஸ்பெண்கள் சிரிக்கிறார்கள்.
மொட்டைமாடி வரை போய்
தெற்குக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு இறங்குவேன்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுப்படியில்
ஒரு ஏப்பம் வரும், இல்லையென்றால் மற்றது.

யாரும் இருக்கமாட்டார்கள்.
இருந்தாலும்
'நான்தாங்க' என்று சொல்லிவிட்டே இறங்குவேன்.