இரண்டு சொட்டு

உவர்மலை இறக்கத்தில்
சோடாவுக்குப் பதினேழு அலுவல்.
லைட் கம்பம், முறிந்த மதகு,
மெடில்டா ரீச்சரின் கேற்,
நில அளவைக்காரர் நேற்று அடித்துப் போன
சிவப்பு முனைக் கட்டை.
ஒவ்வொன்றிலும் கால் தூக்கி
இரண்டே சொட்டு.
மிச்சம் பிடித்து வைக்கிறான், கஞ்சன்,
டச்பே வரை போகவேண்டுமே.

எட்டு மாதம். நலம் அடித்துவிடலாம் என்றார்
டொக்டர் றிஸ்மினா.
"பழகினது எல்லாம் போகாது, சொல்லிப்போட்டன்."

பத்து நாள் கழுத்தில் பிளாஸ்ரிக் கூம்பு.
கதவு நிலையில் இடித்து இடித்து
என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.

இன்று, தையல் பிரித்த முதல் நடை.
கம்பத்தை மோந்தான். கடந்தான்.
மதகையும்.
எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்று தெரியாது.

கோட்டை வாசலில் ஒரு மான்
பணிஸ் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டு நின்றது,
யாருடைய இடம் என்று கேளாமல்.

பிறகு முகாமின் முள்வேலி.
உள்ளே எங்கள் கிணறு.
உறுதி என்னிடம், திறப்பு அவர்களிடம்.

சோடா நின்றான்.
காவலுக்கு நின்ற பொடியன் பார்க்கப் பார்க்கக்
கால் தூக்கினான்.
இந்தமுறை இரண்டு சொட்டு இல்லை.

பொடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நான் கயிற்றை இழுக்கவில்லை.