மூன்றாவது ஆட்டம்

இருபத்தேழு ஞாயிறு வேண்டும் எனக்கு.
சூரியனைச் சொல்லவில்லை;
அது இந்தத் தீவுகளில் தொடர்ந்து ரெண்டு நாள் வந்தால்
கடையில் ஐஸ்கிரீம் தீர்ந்துவிடும்.
கிழமையைச் சொல்கிறேன்.

பத்து அணி.
ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதை மும்முறை சந்திக்கும்.
ஒருமுறை உன் ஊரில், ஒருமுறை என் ஊரில்,
அதுவரை யாரும் யாருக்கும் கடனில்லை.
மூன்றாவது யார் ஊரில்?
அங்கேதான் அலறத் தொடங்கும்
தோர்ஷாவ்னில் என் மேசைத் தொலைபேசி.

"செம்மறிகளை மலையிலிருந்து இறக்கும் வாரம்,
பதினொரு பேர் தேறாது."
"கப்பல் ஆறு மணிக்கே கிளம்பிவிடும்,
இடைவேளையைச் சுருக்கலாமா?"
"காற்று."
அந்த ஒரு சொல்லோடு வைத்துவிடுவார்
ஹெல்லுவீக் அணிச் செயலாளர் தோரோட்.
அவரைக் குறை சொல்ல முடியாது.
அங்கே பெனால்டி அடிக்க இருவர் வேண்டும்:
ஓடிவந்து உதைக்க ஒருவன்,
குப்புறப் படுத்து
பந்தை ஒற்றை விரலால் பிடித்துக்கொள்ள ஒருவன்.

மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்குவோம்.
போன பிப்ரவரியில் குலுக்கியது இந்தக் கை.
பிஸ்கட் டப்பா, நாலாய் மடித்த தாள்கள்,
சாட்சிக்கு ஒரு வழக்கறிஞர்.
ஹெல்லுவீக்கின் சீட்டு ஐந்துமுறை
அடுத்தவர் ஊருக்கே விழுந்தது.
அந்த அணியின் கோல்கீப்பர்
என் வீட்டில் காலையில் காப்பி போடுகிறவன்.

அன்றிரவு ஹானுஸ் எதுவும் கேட்கவில்லை.
கையுறைகளைக் கழுவி
ஹீட்டர்மேல் விரல் விரித்து வைத்தான்,
யாரையோ நில் என்பதுபோல.

அக்டோபர்.
இருபத்தேழாவது ஞாயிறு, தென்தீவில்.
இரண்டு மணிநேரக் கப்பல்.
டிரா போதும், பிழைத்துக்கொள்ளலாம்.
பாதி அணி வாந்தியெடுத்தபடி இறங்கியது.
எண்பத்தெட்டாவது நிமிடம்,
எதிர்க் கோல்கீப்பர் சும்மா உதைத்த பந்து
காற்றில் ஏறி, நீண்டு,
ஹானுஸின் தலைக்குமேல் ஒருமுறை குதித்து
தன் வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போனது.

கடைசி இருவர் கீழே இறங்குவது விதி.
விதி என்றால் விதிமுறை என்று கொள்க.
ஆறாம் பத்தி. நான்தான் தட்டச்சு செய்தேன்.

இப்போது நவம்பர்.
லீகின் வரலாறு சிறு புத்தகமாக அச்சுக்குப் போகிறது.
தோரோட் எழுதிக்கொடுத்திருக்கிறார்:
மீன்படகில் ஆட்டத்துக்குப் போன ஓர் அணி
புயல் ஓயாமல் எட்டு நாள் அங்கேயே கிடந்ததாம்;
ஏழுபேர் திரும்பினார்கள்,
மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்,
இடதுபக்கம் ஆடியவன் வரவேயில்லை.
மறுவருஷம் மனைவியின் ஊருக்காக
நமக்கே கோல் அடித்தான்.

பின்பக்கத்தில் பட்டியல்.
ஆண்டு, சாம்பியன். ஆண்டு, சாம்பியன்.
நாற்பத்திரண்டில் தொடங்குகிறது.
நாற்பத்துநாலுக்கு எதிரே பெயரில்லை.
போர்க்காலம்தான்,
ஆனாலும் ஆட ஆள் இருந்தது,
கரையோரம் சமதரை இருந்தது,
காற்றுக்கோ என்றைக்கும் பஞ்சமில்லை.
பந்து இல்லை.
பந்து வாங்கக் கிடைக்காமல்
ஒரு வருஷம் முழுக்கச் சும்மா இருந்திருக்கிறது லீக்.

அச்சகத்துப் பெண் பென்சிலில் கேட்டிருக்கிறாள்:
*வெற்று வரி. எடுத்துவிடலாமா?*

ஹானுஸிடம் காட்டினேன்.
மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.
"அந்த வருஷம் யாருமே இறங்கியிருக்க மாட்டார்கள்."
இறக்கம் என்கிற ஏற்பாடே
பல பத்தாண்டு கழித்துத்தான் வந்தது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
காப்பியைக் குடித்தேன்.

*இருக்கட்டும்* என்று எழுதினேன்,
பென்சிலால் இல்லை.

பிப்ரவரிக்கு டப்பாவைத் தேடி எடுக்கவேண்டும்.
இரண்டாம் டிவிஷனுக்கும்
அட்டவணை போடுவது நான்தான்.
அங்கேயும் பத்து அணி.