பதிமூன்றாவது சுற்று

முனிராஜுக்குப் பகலில்தான் இரவு.
ஓசூர் கம்பெனி பஸ் காலை ஏழே காலுக்கு
காவேரிப்பட்டணம் முக்கில் அவனை உதிர்த்துவிட்டுப் போகும்.
எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி எவர்சில்வர் பாலிஷ் பட்டறை.
ஏழரைக்கு அதற்குப் பொழுது விடியும்.

அதனால் வாங்கியதுதான் அந்த டிரெய்லர்.
ஜெகதேவி பக்கம் கல் குவாரியில்
கறுப்புக் கல் பார்க்க வந்த வெள்ளைக்காரன்
தங்கியிருந்து, பிறகு தங்காமல் போன
இரண்டு சக்கர வீடு.
ஜெனரேட்டரோடு சேர்த்து ஏலம் எடுத்தவர்
ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு
இதை எங்கள் தலையில் கட்டினார்.
இழுத்துவந்து என் அண்ணன் தோப்பில் நிறுத்தினோம்.
உள்ளே ஒரு கட்டில்,
பொம்மைக்குச் செய்தாற்போல் ஒரு பாத்திரத் தொட்டி,
கூரையில் ஒரு சதுர ஜன்னல்.
சுற்றினால் திறக்கும் என்று
கைப்பிடியில் அம்புக்குறி.

சுற்றினேன்.
கடக்.
மூடி நாலு விரல் உயர்ந்து அப்படியே நின்றது,
கொட்டாவியை ஆரம்பித்து மறந்துபோனவன் வாய் மாதிரி.
வெயிலுக்குப் போதாது.
மழைக்கு அதிகம்.

கழற்றினால், ஒரு ரூபாய் அளவில் பல்சக்கரம்.
நைலான். ஒரு காலத்தில் வெள்ளை.
கொட்டிப்போனது எத்தனை பல்?
நான் மூன்று என்றேன்.
ரவுண்டானா ஸ்பேர்ஸ் கடை நவாஸ் நான்கு என்றார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி,
"எந்த ஊர் வண்டிம்மா இது?"
"லண்டன் பக்கமாம்."
"அப்ப லண்டன்பேட்டையில கேளுங்க. நடந்தே போயிரலாம்."
கடைப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
லண்டன்பேட்டையிலும் கேட்டேன்.
கேட்டுவைப்பதில் என்ன நஷ்டம்?

ஓசூரில் லேத் பசவராஜ்
மில்லிமீட்டரை நூறாகக் கிள்ளிப் பேசுகிறவர்.
பித்தளையில் போட்டுத் தரலாம்,
ஐம்பது பீஸுக்குக் குறைந்து மிஷினைத் தொட மாட்டாராம்.
மீதி நாற்பத்தொன்பதை என்ன செய்ய?
"கம்மல் போட்டுக்கோங்க."
முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

சித்திரை பிறந்தது.
டிரெய்லர் இட்லிப் பானை ஆனது.
ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு
"விடு, பழகிப்போச்சு" என்றான்.
நான்கு மணிக்கு எழுந்தவன் கண்கள்
பழகவில்லை என்றன.

பட்டா நகல் எடுக்கப் போன நாள்.
கலெக்டர் ஆபீஸ் எதிரே குணவதி ஜெராக்ஸ்.
செத்துப்போன பழைய மிஷினின் குடலை
ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளிப்போட்டிருந்தாள்.
கூடை நிறையப் பல்சக்கரங்கள்.
சாதிச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கம்,
யார் யார் வாழ்க்கையையோ
இரண்டிரண்டாக உருட்டித் தள்ளியவை.
கைப்பையிலிருந்து என்னுடையதை எடுத்து
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
ஒன்று பொருந்தியது. கிட்டத்தட்ட.
ஒரு பல் கூடுதல்.
"எடுத்துக்க. நகலுக்கு மட்டும் ரெண்டு ரூபா குடு" என்றாள்.

கூடுதல் பல்லை நக அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன்.
தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு.
மூடி திறந்தது. முழுசாக.
சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் 'டிக்' என்று
தன் பழைய வேலையை நினைத்துக்கொண்டது.

மாங்காயை உதிர்க்கிற மழை மூன்றாம் நாளே வந்தது.
ஸ்கூட்டியில் தோப்புக்கு விரட்டினேன்.
திறந்த சதுரத்துக்கு நேர் கீழே
மார்பெல்லாம் நனைந்து கிடந்தான், அசைவில்லை.
அடடா, இப்படி ஒரு தூக்கமா.
எழுப்ப மனமில்லாமல் மெல்லச் சுற்றினேன்.
டிக். டிக்.
பன்னிரண்டு சுற்றில் சக்கரம் நின்றது;
நூலிழை இடைவெளி மட்டும் மூடவில்லை.
உள்ளங்கையால் ஒரு தள்ளு.

பிளாஸ்திரி கிழித்துச் சுவரில் ஒட்டி எழுதினேன்:
மூட: பன்னிரண்டு சுற்று. பிறகு கையால் தள்ளவும்.

மறுநாள் சாப்பாட்டு கேரியரோடு போனால்
பன்னிரண்டை அடித்து, கீழே அவன் கையெழுத்து:
பதிமூன்று.
எண்ணிக்கொண்டுதான் படுத்திருந்தேன்.